பகைவருக்கு ஆயுசு கேட்ட ஐயர்

தாமிரபரணிக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியின் விளிம்பில் ஒலிவாபுரம் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாலாயிரம் பிள்ளைகள் படிக்கும் இடம். கோட்டு மாட்டிய பேராசிரியர்களுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் விடிந்ததும் முதல் ஆளாகத் துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் அந்த வளாகத்துச் சிற்றாலயத்தின் குருவானவர்தாம். அருமைநாயகம் ஐயர் என்பது அந்த அடியாரின் பெயர்; அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் கோயில்குட்டி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த ஐயர், அங்கியின் கையை மடித்துவிட்டுத் தாமே குனிந்துவிட்டார். வௌவால் எச்சத்தைச் சுரண்டுவார், பெஞ்சுகளைத் துடைப்பார், குடத்தில் தண்ணீர் நிரப்புவார், பிறகு கைகழுவிவிட்டு மணி அடிப்பார்.

பல்கலைக்கழக ஏட்டில் அவருடைய பதவிக்கு ஆங்கிலத்தில் சாப்ளின் என்று பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சினிமாச் சாப்ளினின் தொப்பியும் கைத்தடியும் எங்கே என்று முதுகுக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். ஐயரும் பாதத்தை விரித்து நாலு அடி நடந்து காட்டிவிட்டுப் போவார். மனைவியை இழந்தவர், பிள்ளையும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் விடுதிப் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோவதும், வாந்தி எடுக்கிறவன் நெற்றியைப் பிடித்துக்கொள்வதும், பரீட்சையில் தோற்றவளின் வீட்டுக்குப் போன் போட்டு அவள் அப்பனிடம் திட்டு வாங்குவதும் அவருடைய ஊழியம். நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒருவரையும் அவர் கேட்டதில்லை.

காலை ஏழே முக்காலுக்கு ஐந்து நிமிஷ ஜெபம். அது ஒலிபெருக்கி வழியாக விடுதிக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் ஆய்வகங்களுக்கும் கேட்கும். சுகமில்லாதவர், பரீட்சை எழுதுகிறவர், இறந்துபோனவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேண்டுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பெயர் சொல்லாத ஜெபம் முகவரி எழுதாத கடிதம் என்பார் ஐயர். இவ்வளவு சாதுவான மனிதரின் கதை சாந்தமாகத்தான் போகும் என்று நினைத்து உட்காராதீர்கள். இது கோபத்தின் கதை. சொல்லுகிற எனக்கே இன்னும் ஆறவில்லை.

இசக்கியம்மாள் என்று ஒரு பெண் அங்கே வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி என்ற விதவைத் தாய் பீடி சுற்றி வளர்த்த ஒரே மகள். ஆலயத்தில் காற்றும் அமைதியும் இருக்கிறதென்று கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து படிப்பாள். உனக்காக வேண்டிக்கொள்ளட்டுமா என்று ஐயர் கேட்டால், எனக்கென்று தனியாக வேண்டாம், வினாத்தாள் எல்லாருக்கும் சுலபமாக வரட்டும் என்று பொதுவாக வேண்டுங்கள் என்பாள். படிப்பில் கெட்டி. துடுக்கு கொஞ்சம் கூடுதல்.

ஒரு தை மாதத்து முற்பகலில் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. நச்சுப் புகையை வெளியே இழுக்கும் விசிறி ஆறு மாதமாக ஓடவில்லை. எளிதில் தீப்பற்றும் கரைப்பானின் ஆவி உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. அடுப்பு பற்றவைத்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரை வெளியே தள்ளிவிட்டவள் இசக்கியம்மாள். அவள் மட்டும் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தாள். அந்த நான்கு நாளும் ஐயர் அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது.

"ஐயா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலைன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். எம் மேல தப்பு இல்லன்னு அம்மாட்ட சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்று ஐயர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் அவள் போய்விட்டாள். தாயிடம் சொன்னார். முத்துப்பேச்சி அழவில்லை, எனக்குத் தெரியும் ஐயா, ஊருக்கும் தெரியணும் என்றாள். அதன் பிறகு அந்தத் தாய் பல்கலைக்கழகத்திடம் கேட்டது அது ஒன்றுதான். என் மகள் மேல் பிழையில்லை என்று உங்கள் வாயால் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள் என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

வேதியியல் துறைத்தலைவர் ஜெபநேசன் என்பவர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவரும் அவரே. கணீரென்ற குரல். அவர் வாசித்தால் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அந்தப் பெண்ணின் கடிதம் அவர் மேசைக்குத்தான் போயிருந்தது. தர ஆய்வுக் குழு வரப்போகிறதென்று வாசலில் அலங்கார வளைவு கட்டும் மும்முரத்தில் அவருக்கு விசிறி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இப்போது விசாரணைக் குழு என்று ஐந்து பேரை நியமித்தார்கள். அதில் செயலாளர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் ஜெபநேசனேதான். பதிவாளர், கட்டடப் பொறியாளர், இயற்பியல் பேராசிரியர் ஆகியோர் மற்ற மூவர். ஐந்தாவதாக, மனசாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஐயரைப் போட்டார்கள்.

ஒலிவாபுரத்தில் பழைய வெள்ளைக்கார மிஷனரிகள் வைத்துவிட்டுப் போன ஒரு முறை உண்டு. எந்த விசாரணையும் ஜெபத்தோடுதான் தொடங்க வேண்டும். ஜெபம் முடிந்த கையோடு, ஒரு வார்த்தை பேசுமுன்னே, எல்லாரும் ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கடவுளுக்கு முன்பாகக் கையெழுத்துப் போட்டுவிட்டவன் பிறகு பொய் சொல்ல மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. கடைசியில் அந்தத் தாளை அறிக்கையின் பின்னால் இணைத்துவிடுவார்கள். ஐயர் முதல் நாள் ஜெபித்தார், கையெழுத்திட்டார். அடுத்த கூட்டம் இசக்கியம்மாளின் பதினாறாம் நாள் அன்றைக்கே வைக்கப்பட்டது. அவர் முத்துப்பேச்சியின் வீட்டில் இருந்தார். அன்றைக்கே விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை ஐயர் நின்று வாசித்தார். மாணவியின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். விசிறி நல்ல நிலையில் இருந்தது. எழுத்து மூலமான புகார் எதுவும் துறைக்கு வரவில்லை. கீழே ஐந்து கையெழுத்து. ஐந்தாவது அவருடையது. முதல் நாள் வெற்றுத்தாளில் போட்ட அதே கையெழுத்து. ஜெபம் பண்ணின கையைக் கொண்டே செத்தவள் முகத்தில் கரி பூசிவிட்டார்களே பாவிகள்!

நேரே ஜெபநேசனின் அறைக்குப் போனார். கடிதம் எங்கே என்று கேட்டார். அவர் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. ஐயருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஐயா, கோயில் வேலைய நீங்க பாருங்க, லேப் வேலைய நாங்க பாத்துக்கிடுதோம். போன பிள்ள திரும்பியா வரப்போவுது?"

அந்தத் தேநீரைத் தொடாமல் ஐயர் ஆலயத்துக்கு வந்தார். உச்சி வெயில் நேரம். உள்ளே ஒருவரும் இல்லை. பலிபீடத்தின் முன் முழங்காலிட்டார். வழக்கமான துதி ஒன்றும் வாயில் வரவில்லை. ஆண்டவரோடு சண்டைக்கு நின்றார். பழியைத் தீர்ப்பது உம்முடைய பொறுப்பு, அதில் நாங்கள் கைவைக்கக் கூடாது என்றுதானே முப்பது வருஷம் என்னைப் பிரசங்கம் பண்ண வைத்தீர்? இதோ வேலை வந்திருக்கிறது. செய்யும். நீர் செய்யாவிட்டால் நான் செய்வேன், என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று வாய்விட்டே சொன்னார். ஆலயம் ஒரு பதிலும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பகைவருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதும் சமயத்தின் கட்டளைதானே? ஜெபித்துவிடலாம் என்று முடிவு செய்தார். பெயர் சொல்லி ஜெபித்துவிடலாம்.

மறுநாள் காலை ஏழே முக்கால். பிள்ளைகள் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் வந்தது. முதலில் இசக்கியம்மாளுக்காக வேண்டினார். விசிறி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்த பெண், இரண்டு உயிரைத் தள்ளிக் காப்பாற்றிய பெண் என்று விவரமாகச் சொன்னார். அடுத்துக் குரல் இன்னும் மென்மையானது.

"ஆண்டவரே, அந்தக் கடிதம் வரவே இல்லை என்று எழுதிய எங்கள் சகோதரர் ஜெபநேசனுக்காக வேண்டுகிறோம். அவருக்கு நோய் நொடி வேண்டாம். நூறு வயது கொடும். கண் பார்வை மங்க வேண்டாம், ஞாபகம் தப்ப வேண்டாம். அந்தப் பெண்ணின் முகத்தைத் தினமும் பார்க்க அவருக்கு அத்தனையும் வேண்டியிருக்கிறது. ஆமென்."

பிறகு மற்ற மூவரையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் நீண்ட ஆயுசும் நல்ல ஞாபகசக்தியும் கேட்டார். சாப்பாட்டுக்கூடத்தில் ஒருவர் கையும் தட்டில் அசையவில்லை. ஜெபநேசன் அப்போதுதான் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாராம். கதவைச் சாத்தாமல் நின்றுவிட்டாராம். நன்றாக வேண்டும் அவருக்கு! என்னைக் கேட்டால், வாளெடுத்து வெட்டியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று தொடங்கி நாள் தவறவில்லை. துணைவேந்தர் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் வசைபாடவில்லையே, ஆயுசுதானே கேட்கிறேன், ஆயுசு கேட்பது குற்றமென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார் ஐயர். அப்படி எழுதிக் கொடுக்க எவருக்கும் கை வரவில்லை. ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்தார்கள். ஆலயப் படியில் நின்று தொண்டை கிழிய ஜெபித்தார். கூரை பழுதென்று சொல்லி ஆலயத்தைப் பூட்டினார்கள். வெளியே புங்கமரத்தடியில் நின்றார். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமானைப் பாயில் சுருட்டிக்கொண்டு ஆலயத்தின் பின்புறத்து விறகுக் கொட்டகைக்குப் போனார். ஸ்தாபகர் நாள் முடிந்ததும் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போகும்படி மாற்றல் உத்தரவும் வந்தது. ஐயருக்குப் புத்தி பிசகிவிட்டது, பெண்டாட்டி போன நாளிலிருந்தே இப்படித்தான் என்று ஆசிரியர் அறையில் பேசிச் சிரித்தார்கள். அவரோ தினமும் காலையில் பூட்டிய ஆலயத்தின் படிகளைக் கூட்டினார், மரத்தடிக்கு வந்தார், நான்கு பேருக்கும் ஆயுசு கேட்டார்.

இதற்குள் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சாமி பெயரில் கட்டின கல்லூரி எங்கள் பிள்ளையைக் கொன்றது என்று ஒரு பக்கம். எங்கள் கல்லூரிப் பேரைக் கெடுக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். ஒரே அறையில் இருந்தவர்கள் பாயைத் தனியாக விரித்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டு வரிசை ஆனது. ஒருநாள் பிற்பகலில் இசக்கியம்மாளின் ஊரிலிருந்து முப்பது ஆண்கள் மண்ணெண்ணெய் கேனோடு வாசலில் வந்து நின்றார்கள். ஆய்வகத்தைக் கொளுத்துவதென்று முடிவோடு வந்திருந்தார்கள். காவலாளிகள் ஓடிவிட்டார்கள். ஐயர் மட்டும் வெறுங்காலோடு வந்து வழியை மறித்தார். பொறுமையாக இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை தம் வாயிலிருந்து வந்தால் தமக்கே அடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

"கொளுத்தணும்னுதான் எனக்கும் இருக்கு. ஆனா அவ கைப்பட எழுதுன கடிதம் இன்னும் உள்ளதான் எங்கயோ கெடக்கு. அதையும் சேத்து எரிச்சிட்டு, நாளைக்கு எதைக் காட்டி நியாயம் கேப்பிய?"

அவர்கள் கேனை இறக்கி வைத்தார்கள். ஐயர் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, தம்முடைய கோபத்தையும் அவர்களுடைய கோபத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அனுப்பினார். அவர்கள் பேருந்து ஏறும்போது, ஐயர் நம்ம ஆளு என்று ஒருவர் சொன்னாராம். அந்தச் சொல் அவருக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது, அதைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தார்.

உறுத்தியது என்ன என்று சில நாளில் தெரிந்தது. ஒருநாள் காலை ஜெபத்துக்கு முத்துப்பேச்சியே வந்தாள். மரத்தடியில் பிள்ளைகளோடு நின்று, மகள் பெயரைக் கேட்டாள், நான்கு பெயர்களையும் கேட்டாள். ஆமென் சொல்லி எல்லாரும் கலைந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"ஐயா, அந்தத் தாளுல அஞ்சு கையெழுத்துல்லா கெடக்குன்னு சொல்லுதாவ. நாலு பேரத்தான் நீங்க சொல்லுதிய."

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஐந்தாவது யார் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஐயரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுத்தவர், அவள் வீட்டுப் பதினாறில் உட்கார்ந்து சாப்பிட்டவர், அவள் பார்வைக்கு நேரே நின்று, ஐந்தாவது நான் என்றார். எப்படி நடந்தது என்று விளக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். வெற்றுத்தாளில் போட்டேன், வாசிக்கும் முன் போட்டேன் என்பதெல்லாம் சாக்காகவே அவர் காதுக்குக் கேட்டது. முத்துப்பேச்சி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான்கு பேர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தம் பெயரை அத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்ததை அன்றுதான் அடியார் தமக்கே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மரத்தடியில் அவர் வெள்ளை அங்கி இல்லாமல் நின்றார். வேட்டியும் சட்டையும்தான். இசக்கியம்மாளின் பெயருக்கு அடுத்ததாகத் தம்முடைய பெயரைச் சொன்னார். அருமைநாயகம் என்கிற நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறியாமல் போட்டேன், அறிந்த பிறகும் மறைத்தேன். ஆண்டவரே, இந்தப் பழி முதலில் என் தலையில் இறங்கட்டும். எனக்கும் நூறு வயது கொடும். என் ஞாபகத்தையும் தப்ப விடாதேயும். இப்படிச் சொல்லிவிட்டுத்தான் மற்ற நால்வருக்கு வந்தார். உண்மை வெளிவரும்வரை ஆராதனையில் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தைத் தொட மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன் என்றும் அங்கேயே சொன்னார். ஒரு குருவானவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய சத்தியம் வராது.

கூட்டத்தின் கடைசியில் பால்துரை நின்றுகொண்டிருந்தார். வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளராக வேலை பார்ப்பவர். சாமான் கழுவித் துடைத்து வைக்கிற, நாற்காலி போட்டு யாரும் உட்காரச் சொல்லாத மனிதர். அன்று பிற்பகல் விறகுக் கொட்டகைக்கு வந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். அதை எரித்துவிடச் சொல்லி ஜெபநேசன் கொடுத்தாராம். பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்ததும் எரிக்க மனம் வரவில்லையாம். வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். ஓய்வு பெற இரண்டு வருஷந்தான் இருக்கிறது, அந்தப் பயத்தில் இருந்துவிட்டேன் என்று அழுதார். ஐயரே தம் பேரைத் தாமே சொன்ன பிறகு எனக்கென்ன பயம் என்றும் சொன்னார்.

ஐயர் கடிதத்தை விரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் கறுத்தது. அதைத் துணைவேந்தரிடம் கொடுத்தால் மறுபடியும் ஓர் அடுப்புக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் ஸ்தாபகர் நாள். வேந்தராகிய பேராயர் வருவார். பூட்டிய ஆலயம் அன்றைக்குத் திறக்கப்படும். அன்று வாசிக்க வேண்டிய வேதபாடத்தை வாசிப்புப் பீடத்தில் எடுத்துக் குறித்து வைப்பது சாப்ளினின் வேலை. அதை வாசிப்பது ஜெபநேசன். ஐயர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முத்துப்பேச்சிக்கு ஆள் அனுப்பி, அன்றைக்கு அவசியம் வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

ஸ்தாபகர் நாள் வந்தது. ஆலயம் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் பந்தல் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் பேராயர், துணைவேந்தர். மூன்றாம் வரிசையில் முத்துப்பேச்சி. பாட்டு முடிந்ததும் ஜெபநேசன் எழுந்து, பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு பீடத்தில் ஏறினார். ஐயர் கதவோரம் செருப்புகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆண்டவரே, இது ஜெபம் இல்லை, பழிதான், உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டார். அவன் விழ வேண்டும், நான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார்.

ஜெபநேசன் குறித்து வைத்த பக்கத்தைத் திறந்தார். உள்ளே இருந்த தாளைப் பார்த்து நின்றுவிட்டார். பேராயர் நிமிர்ந்து பார்த்தார். தாளை மூடிவிட்டு இறங்கிவிடலாமா என்று அவர் பார்வை நாலா பக்கமும் ஓடியது. கடைசியில் கதவோரம் வந்து நின்றது. ஐயர் எழுந்தார்.

"வாசிங்க சார். எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் வாசித்தார். ஏன் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அந்தப் பீடத்தில் ஏறினால் வாசித்தே பழகிய வாய், அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது என்பார்கள். அந்தக் குரல் ஆலயம் முழுக்கக் கேட்டது. உயர்திரு துறைத்தலைவர் அவர்களுக்குப் பணிவான வணக்கம். மூன்றாம் மேசையின் எக்ஸாஸ்ட் விசிறி ஆடி மாதம் முதல் ஓடவில்லை. நேற்றும் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். யாருக்காவது ஏதாவது ஆகும் முன் சரிசெய்து தரும்படி இரண்டாம் முறையாக வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, இசக்கியம்மாள். அந்தப் பெயரில் குரல் உடைந்தது. தாளை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்கு சார்" என்றார் ஐயர்.

கீழே இருந்தது ஜெபநேசனின் சொந்தக் கையெழுத்து. பார்த்தேன், தர ஆய்வுக் குழு வந்து போன பிறகு செய்யலாம் என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார். அதையும் வாசித்தார். இந்த முறை குரலே இல்லை. உதடு அசைந்ததைத்தான் முன்வரிசை பார்த்தது. ஆனால் பேராயர் எழுந்து போய்த் தாளை வாங்கி, அந்த வரியைத் தாமே உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு, பொய்யறிக்கை நிற்கும் இடத்தில் நான் அப்பம் பிட்க மாட்டேன் என்று தம் மேலங்கியைக் கழற்றி வைத்தார். ஒரு மணி நேரத்தில் அறிக்கை ரத்தானது. கம்பியை ஒட்டவைத்து, மாணவி இசக்கியம்மாள் மீது எந்தப் பிழையும் இல்லை, பிழை எங்களுடையது என்று பதிவாளரே ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் முத்துப்பேச்சி நின்றுகொண்டே கேட்டாள்.

ஜெபநேசன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வழக்கும் நடந்தது, தண்டனையும் கிடைத்தது. சிறையிலிருந்து வந்தவருக்கு இன்றைக்கு எண்பத்தொரு வயது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். சிறுவயதில் நடந்ததையெல்லாம் தேதியோடு சொல்லுகிறார். ஐயர் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது.

ஆனால் நம் அடியாருக்கு அன்று சந்தோஷம் இல்லை. ஸ்தாபகர் நாள் அசனம் என்றால் ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறும் கறிக்குழம்பும் அண்டா அண்டாவாக வெந்துகொண்டிருந்தன. ஐயர் பந்தலுக்கு வரவில்லை. சமையல் குழிகளுக்குப் பின்னால், புகையில் உட்கார்ந்திருந்தார். பகைவன் உடைந்து நின்றபோது தமக்குள் துள்ளிய துள்ளலை நினைத்து அவருக்கு உடம்பு கூசியது. முத்துப்பேச்சி தேடிக்கொண்டு அங்கேயே வந்தாள். தாயி, நான் ஜெபம் பண்ணவில்லை, பழிதான் தீர்த்தேன், இனி ஆண்டவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஐயர் சொன்னார். சொல்லும்போது தலை நிமிரவில்லை. முத்துப்பேச்சி அவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எம் பிள்ள செத்தப்ப எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னாவ ஐயா. விதின்னாவ, பொறுத்துக்கோன்னாவ. ஒருத்தருக்கும் கோவம் வரல. உங்களுக்குத்தான் வந்துச்சு. சாமிக்கும் எம் பிள்ளைக்காவ கோவம் வந்திருக்குன்னு உங்களப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

உச்சி வெயிலில் பலிபீடத்தின் முன் கிடந்து கேட்டும் கிடைக்காத மறுமொழி, அடுப்புப் புகைக்கு நடுவில், ஆலயத்துக்குள் அதுவரை இரண்டு தடவைகூட வந்திராத ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. ஐயர் அழுதார். முத்துப்பேச்சி எழுந்து, வாங்க சாப்பிடுவோம் என்று முன்னால் நடந்தாள். பந்தலில் பிள்ளைகள் அப்போதும் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் ஐயருக்கும் ஓர் இலை போடச் சொன்னாள். அவளைப் பார்த்து இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தீயிலிருந்து இசக்கியம்மாள் தள்ளிவிட்ட இருவரில் ஒருத்தி. அடுத்து அந்தப் பக்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். சோறு பரிமாறி முடிவதற்குள் ஒரே வரிசை ஆகிவிட்டது.

தமக்கு இழைத்த தீங்குக்காக ஒரு நாளும் முகம் சுளித்தறியாதவர், பிறத்தியார் பிள்ளைக்காக ஆண்டவரோடே மல்லுக்கு நின்றவர். அருமைநாயகம் ஐயர் என்னும் அந்த நல்ல அடியாரை ஒலிவாபுரத்துப் பிள்ளைகள் இன்றும் காலை ஏழே முக்காலுக்குப் பெயர் சொல்லி நினைக்கிறார்கள், நாமும் நினைப்போம்.